ஹாம்லெட்டின் பித்து: வேடமா, நோயா?

1603-ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் படிப்போர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு: டென்மார்க்கு இளவரசனின் பித்து மெய்யா, பொய்யா?

பொய் என்பதற்குச் சான்று அவன் வாய்மொழியே. உத்தரிக்கிற ஸ்தலத்தை நினைவூட்டும் வேதனையில் உழலும் தந்தையின் ஆவியைக் கண்டபின், இனித் தான் பித்தனைப்போல் நடக்கக்கூடும் என நண்பன் ஹொரேஷியோவிடம் முன்னரே சொல்லிவைக்கிறான். அந்நண்பனிடம் அவன் பேச்சு இறுதிவரை தெளிவாகவே இருக்கிறது.

ஆனால், ஆவியைக் காணுமுன்பே வாழ்வை வெறுத்தவன் அவன்; தற்கொலையை இறைவன் விலக்காதிருந்தால் நலமாயிருக்குமே என ஏங்கியவன். தாயின் அறையில், அவளுக்குத் தென்படாத ஆவி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. இறுதியில் லேயர்ட்டஸிடம், தீங்கிழைத்தது தானன்று, தன் பித்தே என்கிறான்.

அது பித்தன்று, ஆழ்ந்த மனச்சோர்வு என்று 1904-இல் ஏ. சி. பிராட்லி விளக்கினார். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. துயரம் மெய், பித்து அத்துயரம் அணிந்த வேடம்.

அவ்வேடத்துக்கு விலை கொடுத்தவளோ ஒபீலியா. காதலனால் இகழப்பட்டு, அவன் வாளுக்குத் தந்தையையும் பறிகொடுத்த அப்பேதை, மெய்யாகவே அறிவு கலங்கி நீரில் மாண்டாள்.

நம் இல்லங்களிலும் துயரத்தை வேடிக்கைப் பேச்சால் மறைப்போர் உண்டு. ‘நடிக்கிறான்’ என்று தள்ளிவிடுமுன், உள்ளே புண் இருக்கிறதா என அன்போடு கேட்போம்.