சும்மா இருக்கத் தெரிந்த கெர்னல்

2012-இன் மின்வெட்டைக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஒரே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் கைத்தறிக்கு அதனால் பாதகமில்லை; விசைத்தறி நின்றது. அப்போதுதான், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு விலையில்லா லேப்டாப் வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் அதற்கு பேட்டரிதான் கதி.

அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்களோ! ஆனால் அதன் உள்ளே இருக்கும் லினக்ஸ் கெர்னலை யார் வேண்டுமானாலும் பிரித்து, தன் தேவைக்கேற்ப மறுபடி கட்டலாம்.

மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்று வேலையைப் பங்கிட்டுத் தருவது கெர்னல். பேட்டரியின் ஆயுளில் பெரும்பங்கு அதன் கையில். பழைய கெர்னல்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நொடிக்கு 100 முதல் 1000 தடவை பிராசஸரைத் தட்டி எழுப்பும். பாவு ஏற்றாத விசைத்தறியில் மோட்டாரை ஓடவிட்ட மாதிரிதான். 2007-இல் வந்த 2.6.21 பதிப்பு, முதலில் 32-பிட் கணினிகளில், சும்மா இருக்கும் நேரத்தில் இந்தத் தட்டலை நிறுத்தியது.

அதற்கு முன்பே, 2004-இல், இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பள்ளிபாடியின் பங்களிப்பில் 'ஆன்டிமாண்ட்' என்ற பகுதி கெர்னலில் சேர்ந்தது. வேலை கூடினால் பிராசஸரின் வேகத்தை ஏற்றும், குறைந்தால் இறக்கும். வேகத்தோடு மின்னழுத்தத்தையும் இறக்க முடிவதில்தான் லாபம்: அழுத்தம் பாதியானால், அந்த வகையில் மட்டும் மின்செலவு கால்பங்காகும்.

சொந்தக் கெர்னல் கட்டுபவர் 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீண்ட பட்டியல் திறக்கும். தன் கணினியில் இல்லாத கருவிகளின் டிரைவர்களை நீக்கலாம். மின் மேலாண்மைப் பிரிவில் கை வைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து 1996-இல் வகுத்த ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை விதிமுறையை அணைத்துவிட்டால் பேட்டரி அளவுகூடத் தெரியாமல் போகலாம். லேப்டாப்பை மூடி வைத்தால், அது தூங்கும் நிலையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். 'ஹைபர்னேட்' செய்தால் நினைவகத்தில் உள்ளது வட்டில் எழுதப்படும், அதற்கு வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடம் போதுமான அளவு வேண்டும். மதர்போர்டு நிறுவனம் எழுதித்தரும் ஏசிபிஐ அட்டவணையில் பிழை இருந்தால், தூங்கிய லேப்டாப் எழாமலும் போகும்.

அதனால் அனுபவசாலிகள் பழைய கெர்னலை அழிப்பதில்லை. புதியது முரண்டு பிடித்தால், கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து உள்ளே போய், எந்த டிரைவர் விட்டுப்போனது என்று தேடுவார்கள்.