சூரியனின் கொந்தளிக்கும் எல்லை

2012 ஜூலை இறுதியில் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய தகவல்கள் விந்தையாக இருந்தன. சூரிய மண்டலத்தின் மின்னேற்றத் துகள்கள் சட்டெனக் குறைந்தன. சில நாட்களில் மீண்டும் கூடின. ஆகஸ்ட் 25-க்குப் பிறகு அவை திரும்பவில்லை. மனிதர் செய்த பொருளொன்று முதன்முறையாக விண்மீனிடை வெளிக்குள் நுழைந்திருந்தது.

துகள்கள் குறைந்து, கூடி, மறைந்த அந்த எல்லை ஏன் ஒரே கோடாக இல்லை?

சூரியனிலிருந்து வெளியேறும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 80, 90 மடங்கு தொலைவில் ஓர் அதிர்ச்சி அலையில் அதன் வேகம் சரிகிறது. அந்த அலையே முன்னும் பின்னும் அசைவதால், 2007 ஆகஸ்டில் இணை விண்கலமான வாயேஜர் 2 அதைப் பலமுறை கடந்தது. அதற்கப்பால் காற்று சூடேறி, மதகுக்குக் கீழே சுழித்து நுரைக்கும் நீர்போலக் கொந்தளிக்கிறது. அதனோடு காந்தப்புலமும் தாறுமாறாக முறுக்கிக்கொள்கிறது.

இந்தக் குழப்பமே நமக்குக் காப்பு. விண்வெளியின் தொலைவிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் முறுக்கிய காந்தப்புலத்தில் மோதிச் சிதற, பெரும்பகுதி பூமியை எட்டுவதில்லை.

ஆனால் வேலியில் இடைவெளிகளும் உண்டு. 2018 நவம்பர் 5 அன்று எல்லையைத் தாண்டிய வாயேஜர் 2, சூரிய மண்டலத் துகள்கள் வெளியே கசிவதைப் பதிவு செய்தது. 2025 செப்டம்பரில் நாசா ஏவிய ஐமேப் விண்கலம், எல்லையிலிருந்து வரும் நடுநிலை அணுக்களைப் பிடித்து அதன் வரைபடத்தைத் தீட்டும் பணிக்கானது.