மூச்சு வாங்கும் அப்பா ஏன் பேசுவதில்லை?

ஒரகடத்தில் ராத்திரி ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் திரும்பும் நேரம். இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பல வருஷம் கல் கிரஷரில் தூசி குடித்தவர். பீடிப் பழக்கமும் உண்டு.

"சாப்பிட்டாயா அப்பா?" என்று மகன் கேட்கிறான்.

"பசிக்கவில்லை."

பேரன் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. டி.வி.யில் பழைய பாட்டு வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தூக்கமும் இல்லை.

"நெஞ்சு வியாதிக்காரர். அப்படித்தான் இருப்பார்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் தவறு! அவருக்கு இருப்பது இரண்டு வியாதிகளாக இருக்கலாம். ஒன்று நுரையீரலில். மற்றது மனத்தில். இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். நாள்பட்ட மூச்சுத்திணறல் உள்ளவர்களிடம் இது அதிகம். 2 வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பயம் செய்யும் வேலை

நடந்தால் மூச்சு வாங்குமே என்று பயம். பயத்தால் நடப்பதில்லை. நடக்காததால் கால் சதை இளைக்கிறது. பிறகு நாலு அடி வைத்தாலே மூச்சு இன்னும் வாங்குகிறது. மனம் மேலும் சோர்கிறது. "மருந்தை இழுத்து என்ன ஆகப்போகிறது?" என்று இன்ஹேலரையும் ஒதுக்கிவிடுகிறார்.

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் பஸ் ஏறினால் தாம்பரம். அங்கேதான் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். 1937-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர்! இப்போது எல்லா நெஞ்சு நோய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு.

ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாம் இருமலைச் சொல்வோம், சளியைச் சொல்வோம். தனியாக உட்கார்ந்து அழுததைச் சொல்லமாட்டோம். சொல்லாத நோய்க்கு டாக்டர் எப்படி மருந்து தருவார்?

என்ன வைத்தியம்?

முதலில் நுரையீரல் பயிற்சி. 6 முதல் 12 வாரம் வரை நடையும் மூச்சுப் பழக்கமும் சொல்லித் தருவார்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். எதிரே மெழுகுவர்த்தி இருந்தால் சுடர் ஆடலாம், அணையக்கூடாது. இந்தப் பயிற்சியால் மூச்சும் தேறும், மனமும் தேறும்.

மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசுவதும் வைத்தியமே. தேவையானால் மாத்திரை தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தரவே கூடாது. சில மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும்.

மகனுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அவனை நம்பி வாழும் தாய் தந்தைக்கும் அதில் வைத்தியம் உண்டு. பெற்றோர் வருமானத்துக்கு வரம்பு மட்டும் இருக்கிறது.

"இருந்து என்ன பயன்?" என்று பெரியவர் சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. இரவு பகல் எப்போதும் பேசலாம். காசு இல்லை.

டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டால், தெருமுனை டீக்கடை வரை கூடவே நடந்து போங்கள். வழியில் பேச்சுக் கொடுக்க வேண்டாம், மூச்சு வாங்கும். பெஞ்சில் உட்கார்ந்து டீ வந்த பிறகு பேசட்டும்.