வாகைக்குளத்தில் விமானம் ஏறுவோருக்கு

திருவேங்கடத்துக்காரர்களுக்குச் சென்னைப் பிரயாணம் என்றால் இரவு ரயில்தான். சங்கரன்கோவிலுக்குப் போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிப்போம். இல்லாவிட்டால் கோவில்பட்டிக்குப் போய் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிப்போம். விமானம் என்பது வெகு காலம் வரை நம் தலைக்கு மேலே, பருத்திக் காட்டைத் தாண்டிப் போகும் ஒரு சப்தமாகவே இருந்தது. இப்போது அப்படியில்லை. எங்கள் பத்தாம் வகுப்பில் விசாரித்தபோது, வீட்டில் யாரேனும் ஒருவர் விமானம் ஏறியதுண்டு என்று பலர் கை தூக்கினார்கள். ஆனால் உல்லாசப் பயணம் போனவர் மிகச் சிலரே. சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் தாத்தாவைப் பார்க்க, பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வர, இறந்தவர் முகத்தை அடக்கத்துக்கு முன் ஒரு முறை பார்க்க என்று அவசரத்தில் போனவர்களே அதிகம். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம். மனம் கலங்கியிருக்கும் நேரத்தில் எங்கே போவது, என்ன செய்வது என்று புரியாமல் தவித்ததாக அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் பகுதிக்கு எட்டும் தூரத்தில் மூன்று விமான நிலையங்கள் உள்ளன. மதுரை பெரியது, அங்கிருந்து துபாய், கொழும்பு போன்ற வெளிநாட்டு ஊர்களுக்கும் போகலாம். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்தார் வளைகுடா நாடுகளுக்குப் போவதென்றால் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போய்விடுவார்கள். மூன்றாவதுதான் தூத்துக்குடி விமான நிலையம். பெயர் தூத்துக்குடியாக இருந்தாலும் அது இருப்பது வாகைக்குளத்தில், திருநெல்வேலி-தூத்துக்குடி நான்கு வழிச் சாலையின் ஓரத்தில். மூன்றிலும் சிறியது அதுவே. சென்னை, பெங்களூர் போகிறவர்களுக்கு, முக்கியமாக முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவே ஏற்றது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் சிறிய நிலையத்தில் தவறவிட்டால் மறு வாய்ப்பு எளிதில் கிடைக்காது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய துறைமுகப் பட்டினத்துக்கு விமான நிலையம் வந்தது 1992-இல்தான். வந்தும் என்ன! விமானச் சேவை நிலைக்கவில்லை. பிறகு 2006-இல் ஏர் டெக்கான் கம்பெனி மீண்டும் தொடங்கியது. அக்காலத்து ஓடுதளம் 1,350 மீட்டர் நீளமே. அதனால் இறக்கையில் சுழலி வைத்த சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டுவிட்டது. 17,340 சதுர மீட்டர் பரப்புள்ள புதிய பயணிகள் முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 26-7-2025 அன்று திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பேரைக் கையாளும் வசதி அதற்கு உண்டாம். ஆக, கட்டடம் பெரிதாகிவிட்டது. ஆனாலும் மதுரையோடு ஒப்பிட்டால் போக்குவரத்தில் இன்னும் தம்பிதான்.

டிக்கட்டு வாங்கும்போதே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., திருச்சிக்கு டி.ஆர்.இசட். அவசரத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். டி.ஐ.ஆர். என்று கண்டதும் "ஆகா, திருநெல்வேலி!" என்று மகிழ்ந்து விடாதீர்கள். அது திருப்பதி! திருவேங்கடம் என்பது அம்மலைக்கும் பெயராதலால், நம் ஊர்க்காரர் அங்கே போய் இறங்குவதும் ஒரு வகையில் பொருத்தமே என்று எங்கள் தோழி ஒருத்தி கேலி செய்தாள். வெளிநாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. பாரிஸ் நகரத்தின் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையம் அந்நகரத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகையால் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டையும் பார்த்து, ஆதார் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுத்துக்கு எழுத்து கொடுத்து டிக்கட்டு வாங்க வேண்டும். நம் வீடுகளில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருக்கும். விமான நிலைய வாசலில் காவலர் டிக்கட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

ஆடித்தபசு, குற்றாலச் சீசன், ஆகஸ்டு 5-ஆம் தேதி தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலைச் சொல்லவே வேண்டாம். விமானத்தில் இருக்கைகள் குறைவாதலால் அந்நாட்களில் கட்டணம் ஏறிவிடும். முன்கூட்டியே வாங்குகிறவருக்கே இலாபம்.

இனி வழி. கார் வைத்துக்கொண்டு போகிறவர்கள் கோவில்பட்டி வழியாகப் போகலாம். பேருந்தில் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் போய், அங்கே தூத்துக்குடிப் பேருந்தில் ஏறி, வல்லநாட்டைத் தாண்டி வாகைக்குளத்தில் இறங்குவது ஒன்று. கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கே போய், அங்கிருந்து திருநெல்வேலிப் பேருந்தில் திரும்பி வருவது மற்றொன்று. எதில் ஏறினாலும் ஏறுமுன், "வாகைக்குளத்தில் நிற்குமா அண்ணாச்சி?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடைநில்லாப் பேருந்துகள் அங்கே நிற்கமாட்டா. எங்கள் தோழியின் சித்தப்பா ஒருவர் கேட்காமல் ஏறிவிட்டார். விமான நிலையத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய்ப் பேருந்து நிலையத்தில்தான் இறங்கினாராம். ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவதற்குள் சாமான் வாங்கும் இடத்தை அடைத்துவிட்டார்கள். அவர் போகவேண்டியிருந்தது தன் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கு. மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே சாமான் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். விமானத்தில் ஏறும் வாசலையும் புறப்பாட்டுக்குச் சுமார் 25 நிமிடம் முன்னதாக மூடிவிடுவார்கள். மதுரையிலோ சென்னையிலோ தவறவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வேறொன்று கிடைக்கக்கூடும். வாகைக்குளத்தில் ஒரு நாளைக்குப் புறப்படுபவை சிலவே; அவையும் நிறைந்திருக்கும். ஆகவே புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கும்படி வீட்டை விட்டுக் கிளம்புங்கள். சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சாமான் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. சாதாரண டிக்கட்டில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான் அனுமதி. வீட்டிலேயே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கூடினால் அங்கே பணம் கட்ட வேண்டும். நமது வட்டாரமோ தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர் போனது. சென்னைப் பிள்ளைகளுக்கு என்று ஆசையாக ஒரு கட்டு மத்தாப்பு வைத்துவிடுகிற பாட்டிமார் உண்டு. அது கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டியும் அப்படியே. கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்று தடுக்கப்பட்ட பொருள்தான். மிளகாய்ப் பொடி, ஊறுகாய், அரிவாள்மனை, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்தால் எடுத்துப் போடச் சொல்வார்கள். பெட்டியில் நன்றாகக் கட்டி வையுங்கள். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர் எதிர்: அது பெட்டியில் போகக்கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், திருநெல்வேலி அல்வா, தூத்துக்குடி மக்ரூன் ஆகியவற்றுக்குத் தடையில்லை. மக்ரூனை மட்டும் மடியில் வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியில் வைத்தால் போய்ச் சேரும்போது தூளாகிவிடும்!

உள்ளே நடக்கும் காரியங்கள் கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் சுலபமானவைதான். வாசலில் டிக்கட்டையும் அடையாள அட்டையையும் காட்டுகிறோம். கம்பெனியின் மேசையில் பெட்டியைக் கொடுத்து, ஏறும் சீட்டையும் பெட்டிக்கான ரசீதையும் பெறுகிறோம். பிறகு பாதுகாப்புச் சோதனை. பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரே சோதிப்பார். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்த பாட்டிமார் வீணாகப் பயந்தார்கள். அருட்சகோதரியரின் ஜெபமாலையைக் கண்டு கருவி கூவினாலும் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். சிறிய நிலையத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. பெரிய நிலையங்களில் வாசலிலிருந்து விமானம் வரை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். எழுத்துப் பலகைகளைப் படிக்கத் தெரியாதவர் திண்டாடிப் போவார். வாகைக்குளத்தில் வழி தவறுவது கடினம். பக்கத்தில் இருப்பவரும் நெல்லைத் தமிழ்தான் பேசுவார். "சென்னை விமானமா? நானும் அதுக்குத்தான். எம் பின்னால வாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இங்கிருந்து பறந்து வருவனவற்றில் ஏ.டி.ஆர். என்னும் சிறிய வகை விமானத்தில் எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம். அதன் வாசல் பின்புறத்தில் இருக்கிறது; படிக்கட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள், நோயாளிகள் டிக்கட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லி வைப்பது அவசியம். தலைக்கு மேலுள்ள அறை சிறியது. பருத்த பையைப் படிக்கட்டருகே வாங்கிக்கொண்டு, இறங்கியதும் தருவார்கள். மருந்தையும் பணத்தையும் அந்தப் பையில் வைக்காதீர்கள். இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ளதெல்லாம் நன்றாகத் தெரியும். சென்னை போகும்போது வலப்பக்கச் சன்னல் கிடைத்தால் கடலையும், பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடக்கும் உப்பளங்களையும் பார்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாத்திரம் எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பிரயாணிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்தில் சிக்கித் தவித்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் விமானமும் வராது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் கம்பெனிக்கு ஒரு முறை போன் செய்து கேட்டுவிட வேண்டும். விமானத்தைக் கம்பெனியே ரத்து செய்தால், வேறு விமானத்தில் இடம் கேட்கவோ முழுப் பணத்தையும் திரும்பப் பெறவோ நமக்கு உரிமை உண்டு. சென்னை போன்ற கிட்டத்து ஊர்களுக்கான விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும் என்பதும் அரசின் விதி. கேட்டால்தான் கிடைக்கும், ஆகையால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கணக்குப் பார்த்தால், திருவேங்கடத்திலிருந்து வாகைக்குளம் போய், காத்திருந்து, ஒன்றரை மணி நேரம் போலப் பறந்து, சென்னையில் வெளியே வருவதற்குள் ஆறு ஏழு மணி நேரம் ஆகிவிடும். ரயிலிலோ ஓர் இரவு, அதுவும் தூங்கிக்கொண்டே! அவசரமில்லாதவர்கள் பொதிகையில் போவதே மேல் என்று நாங்கள் நினைக்கிறோம். காலையில் செய்தி வந்து மாலைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டியவர்களுக்கே இந்தச் சிறிய விமான நிலையம் பேருதவி.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கிய கொஞ்ச நேரத்தில் பெட்டி வந்துவிடும். வெளியே வர அதிக நேரம் ஆகாது. ஆனால் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் பேருந்துக்காக நிற்பது பெண்களுக்கு உகந்ததல்ல. கோவில்பட்டியிலிருந்து திருவேங்கடத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டே டிக்கட்டு வாங்குங்கள். அது கிடைக்காது என்று தெரிந்தால், ஊரிலிருந்து யாரையாவது காருடன் வரச் சொல்லிவிடுங்கள்.