உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு மசியாத புல்!

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ‘குல்லி டண்டா’ என்றொரு களைப்புல் உண்டு. இளம்பருவத்தில் கோதுமையைப் போலவே இருக்கும். அடித்தண்டின் இளஞ்சிவப்பு நிறம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆண்டுதோறும் ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே களைக்கொல்லியைத் தெளித்துவந்ததில், 1990-களின் தொடக்கத்தில் பல வயல்களில் அந்தப் புல் சாகாமல் நின்றது.

காரணம் என்ன? நஞ்சைத் தன் நொதிகளால் விரைந்து சிதைத்துவிடும் செடிகள் ஒன்றிரண்டு முன்பே இருந்தன. மற்றவை மடிய, அவை மட்டும் விதைவிட்டுப் பெருகின. கோதுமையும் இதே வழியில்தான் அந்த மருந்திலிருந்து தப்பிக்கிறது!

ஆகவே, வெவ்வேறு விதமாகச் செயல்படும் மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பயிர்ச் சுழற்சி செய்யுங்கள். தப்பிய புல்லை விதை உதிரும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.