தொட்டறியும் விஞ்ஞானம்

அருங்காட்சியகங்களில் "தொடாதீர்கள்" என்னும் அறிவிப்பைக் காண்பது வழக்கம். பழங்காலச் சிலைக்கும் ஓலைச்சுவடிக்கும் அது தேவையான காப்பாகும். ஆனால், நெம்புகோலின் பயனை அதனை அழுத்திப் பார்த்தே முழுமையாக உணர இயலும். விஞ்ஞான அருங்காட்சியகங்கள் பார்வையாளரின் கைகளுக்கு வேலை கொடுப்பது இதனாலேயே.

ஜெர்மனியில் ஆஸ்கார் வான் மில்லர் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1903-ஆம் ஆண்டு மூனிச் நகரில் நிறுவப்பட்ட டாய்ச்சஸ் அருங்காட்சியகம் இம்முறைக்கு முன்னோடியாக விளங்கியது. பார்வையாளரே கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தின் இயக்கத்தை அறியும் வாய்ப்பை அது அளித்தது.

நம் நாட்டில் இம்முயற்சி கல்கத்தாவில் வேரூன்றியது. ஜி.டி. பிர்லா வழங்கிய இல்லத்தில், பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959 மே 2-ஆம் நாள் திறக்கப்பட்டது. பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயர் தாங்கிய அருங்காட்சியகம் 1965-இல் தன் முதற்கூடத்தைத் திறந்தது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் இயங்கிய இவ்விரண்டும், 1978-இல் அமைந்த தேசிய விஞ்ஞான அருங்காட்சியகங்கள் மன்றத்தின் பொறுப்பில் வந்தன. பம்பாயில் நேரு விஞ்ஞான மையம் 1985-இல் முழு வடிவம் பெற்றது.

இத்தகைய மையத்துள் நுழையும் மாணவர் காண்பது என்ன? சுழலும் மேடையில் இரு கைகளிலும் எடைகளை ஏந்தி, கைகளை நீட்டி நிற்கிறார். கைகளை மார்போடு சேர்த்ததும் சுழற்சி விரைவடைகிறது. கோண உந்தம் மாறாது என்னும் விதியை அவர் உடலே உணர்ந்துகொள்கிறது. பூங்காவில் தொலைவில் எதிரெதிரே நிற்கும் இரு குழிந்த தட்டுகளில், ஒன்றன் குவியத்தில் மெல்லப் பேசும் சொல் மற்றதன் குவியத்தில் தெளிவாகக் கேட்கிறது. கல்கத்தாவிலுள்ள மாதிரி நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குவோர், தொழிலாளரின் பணிச்சூழலை ஓரளவு நேரில் அறிகின்றனர்.

எனினும், நகரங்களிலுள்ள கூடங்கள் கிராமத்து மாணவரை எவ்வாறு எட்டும்? இக்கேள்விக்கு விடையாக, கல்கத்தா அருங்காட்சியகம் 1965-இல் நடமாடும் விஞ்ஞானப் பொருட்காட்சியைத் தொடங்கியது. காட்சிக் கருவிகளை ஏற்றிய பேருந்து பள்ளிகளை நாடிச் சென்றது. இதே நோக்குடன் மாவட்ட விஞ்ஞான மையங்களும் எழுந்தன. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 1982-லும், குஜராத்தின் தரம்பூரில் 1984-லும், திருநெல்வேலியில் 1987-லும் அவை நிறுவப்பட்டன.

இப்பணியின் வெற்றி கட்டடத்தின் அளவைப் பொறுத்ததன்று. நாள்தோறும் நடைபெறும் பராமரிப்பைப் பொறுத்தது. ஆயிரம் கைகள் தொடும் கருவி தேய்வது இயல்பு. அது பழுதுற்று நின்றால், சோதனைக் கூடம் இல்லாத பள்ளியிலிருந்து நெடுந்தொலைவு வந்த சிறுவன் ஏமாற்றத்துடன் திரும்புவான். மீண்டும் வரும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டாமலும் போகலாம். ஆகவே, புதிய மையங்களுக்கு நிதி ஒதுக்கும்போதே உதிரிப் பாகங்களுக்கும், பணிமனைக்கும், பயிற்சி பெற்ற விளக்குநருக்கும் வழிவகை செய்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் பார்வைக்கு முன் ஒரு கேள்வியை மாணவர் மனத்தில் விதைத்து அழைத்துச் செல்வார்களேயானால், ஒருநாள் உலா ஆண்டு முழுவதும் பயன்தரும் பாடமாக அமையும்.