ஒரு மில்லிமீட்டர் தளர்வு

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். குடப்பனக்குன்னு ஏற்றத்தில் ஏறும் காரும், கழக்கூட்டம்–கோவளம் புறவழிச்சாலையின் சமதளத்தில் அதே வேகத்தில் ஓடும் காரும் ஒரே கதியில் சக்கரங்களைச் சுழற்றினாலும், இரண்டின் எஞ்சின்களும் சுமக்கும் பாரம் ஒன்றல்ல. கையால் கியர் மாற்றும் ஓட்டுநர் இந்த வேறுபாட்டை எஞ்சின் ஒலியிலிருந்தும் காலடி அதிர்விலிருந்தும் உணர்ந்து, வேண்டிய இடத்தில் கியரைக் குறைத்துக்கொள்கிறார். தானியங்கி கியர்ப்பெட்டிக்கு அந்த உணர்வை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருக்கிறது. கணினிகள் அந்தப் பொறுப்பை ஏற்பதற்கு முன்பு, பல கார்களில் அதைச் செய்தது ஓர் உறைக்குள் ஓடும் மெல்லிய எஃகுக் கம்பி. த்ராட்டில் வால்வு கேபிள் எனப்படும் அக்கம்பியின் ஒரு முனை எஞ்சினுக்குள் காற்று செல்லும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் நெம்புகோலிலும், மறுமுனை கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு வால்விலும் மாட்டப்பட்டிருக்கும்.

இக்கம்பி கியரை மாற்றுவதற்கானது என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே மட்டுமல்லாமல் மெக்கானிக்குகளிடையேயும் பரவலாக உள்ளது. அது பாதி உண்மைதான். மற்ற பாதியை அறியாததால் கெட்டுப்போன கியர்ப்பெட்டிகள் ஏராளம். தானியங்கிப் பெட்டிக்குள் ஒவ்வொரு கியரையும் பிடித்து நிறுத்துவன, உராய்வுப் பூச்சுள்ள தட்டுகளை அடுக்கிய கிளட்சுகளும் உருளைகளைச் சுற்றி இறுக்கும் பட்டைகளும் ஆகும். எஞ்சினால் சுழற்றப்படும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தமே தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. காலிக் குடத்தை இரண்டு விரலால் தூக்குபவர் நிறைகுடத்துக்குக் கையின் பிடியை இறுக்குவதைப் போல, எஞ்சின் அதிக முறுக்குவிசை தரும்போது எண்ணெய் அழுத்தமும் கூட வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகள் வழுக்கும். பல வகைப் பெட்டிகளில் எஞ்சின் சும்மா ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் நிற்கும் அழுத்தம், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அதன் இருமடங்கைத் தாண்டுகிறது. இந்த உயர்வுக்கு ஆணையிடுவதுதான் கேபிளின் முதன்மையான பணி.

கியர் மாறும் நேரத்தை முடிவுசெய்வது அதன் இரண்டாவது பணி. கியர்ப்பெட்டியின் வெளியேறும் தண்டோடு சேர்ந்து சுழலும் கவர்னர் என்னும் உறுப்பு, மையவிலக்கு விசையால் விரியும் எடைகளைக் கொண்டு, வண்டியின் வேகம் கூடக் கூட உயரும் ஓர் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்குகிறது. மாற்று வால்வின் ஒரு முனையைக் கவர்னரின் அழுத்தம் தள்ள, மறுமுனையை ஒரு சுருள்வில்லும் கேபிளின் வழியே பிறக்கும் த்ராட்டில் அழுத்தமும் எதிர்த்துத் தள்ளுகின்றன. கவர்னர் வெல்லும் கணத்தில் அடுத்த கியர் விழுகிறது. மிதியை ஆழமாக அழுத்தியிருக்கும் மலையேற்றத்தில் கவர்னர் வெல்வதற்கு அதிக வேகம் தேவைப்படுவதால் கியர் தாமதமாக மாறுகிறது. மின்சாரம் எதுவுமின்றி, எண்ணெயும் வில்லும் மட்டுமே கொண்டு இயங்கிய இந்த ஏற்பாடு, 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய ஹைட்ரமேட்டிக் பெட்டியிலேயே இருந்தது. அங்கே கேபிளுக்குப் பதிலாக இணைப்புக்கோல்கள் பயன்பட்டன.

இந்தியச் சாலைகளில் தானியங்கி கார்கள் அரிதாக இருந்த 1990-களில் மாருதி எஸ்டீம், ஸென் ஆகியவற்றில் அத்தகைய வகைகள் விற்கப்பட்டன. சுஸுகி கல்டஸின் இந்திய வடிவமே எஸ்டீம். அதே கல்டஸ் அமெரிக்காவில் ஜியோ மெட்ரோ என ஓடியபோது, அதன் மூன்று வேகத் தானியங்கிப் பெட்டியில் இந்தக் கம்பி எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாட்டு கேபிள் என்றே குறிப்பிடப்பட்டது. டொயோட்டாவின் ஏ140இ போன்ற பெட்டிகளில் கியர் மாறும் நேரத்தைக் கணினி தீர்மானித்த பிறகும், அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வேலை கேபிளிடமே விடப்பட்டிருந்தது. ஆகவே அவ்வகைக் காரில் கியர்கள் சரியான வேகத்தில் மாறுவதை மட்டும் பார்த்து, கேபிள் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது.

இந்தப் பொறியின் உண்மையான ஆபத்து மென்மையில் ஒளிந்திருக்கிறது. கேபிள் தேவைக்கு மேல் இழுபட்டிருந்தால் அழுத்தம் கூடி, கியர்கள் தாமதமாகவும் உதறலோடும் விழும். உரிமையாளர் உடனே முறையிடுவார். தளர்ந்திருந்தாலோ கியர்கள் சீக்கிரமாகவும் வெண்ணெய்போல வழுக்கியும் மாறும். பயணம் சுகமாக இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை. அந்தச் சுகத்துக்குக் காரணம், குறைந்த அழுத்தத்தில் தட்டுகள் ஒன்றையொன்று பற்றாமல் அதிக நேரம் தேய்வதே ஆகும். தேய்வில் பிறக்கும் வெப்பம் உராய்வுப் பூச்சைக் கருக்கி, எண்ணெயைப் பழுப்பாக்கி, எரிந்த வாடை வீசச் செய்கிறது. உதறலைப் போக்குவதற்காக கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவது மெக்கானிக் தொழிலில் நெடுநாளாக உள்ள வழக்கம். அது நோயைத் தணிக்காமல் நோயாளியின் வாயை மட்டும் அடைக்கும் வைத்தியம்.

1980-களில் அமெரிக்காவில் பரவிய டர்போ ஹைட்ரமேட்டிக் 700-ஆர்4 பெட்டியின் வடிவமைப்பாளர்கள் இதற்கு விந்தையானதொரு பாதுகாப்பை வைத்திருந்தனர். கேபிள் அறுந்தாலோ கழன்றாலோ உள்ளே ஒரு சிறு குண்டு எண்ணெய் வெளியேறும் துளையை அடைத்துக்கொள்ள, அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். கார் முரட்டுத்தனமாக ஓடினாலும் தட்டுகள் பிழைக்கும். கேபிள் அறாமல் சற்றே தளர்ந்திருக்கும்போது அந்தப் பாதுகாப்பு விழித்துக்கொள்வதில்லை. அதே பெட்டியை வேறு கார்புரேட்டர் பொருத்திய எஞ்சினோடு இணைத்தவர்கள், நெம்புகோலில் கேபிள் மாட்டும் புள்ளியின் ஆரம் மாறியதைக் கவனியாமல், புதிய கிளட்சுகளைக் குறுகிய காலத்திலேயே எரித்திருக்கிறார்கள்.

சரிசெய்யும் வேலை எளியது, ஆனால் இருவர் வேண்டும். டொயோட்டா முறையில், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடிக்க, மற்றவர் த்ராட்டில் தகடு முழுவதும் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேரளத்து கார்களில் மிதியின் கீழே விரிக்கப்படும் தடித்த தேங்காய் நார் விரிப்பு, மிதியைக் கடைசி அளவு இறங்கவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால் அதை எடுத்துவிடுவது நல்லது. ஆக்ஸிலரேட்டர் கேபிளே தளர்ந்திருந்தால் அதை முதலில் இறுக்க வேண்டும். பிறகு, கம்பியின்மேல் நசுக்கிப் பொருத்தப்பட்ட சிறு உலோக மணிக்கும் உறையின் ரப்பர் மூடியின் முனைக்கும் இடையிலான இடைவெளி அளக்கப்படுகிறது. அது சுழியத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், உறையைத் தாங்கும் தகட்டின் இருபுறமும் உள்ள பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, உறையை நகர்த்தி, மீண்டும் இறுக்குவதோடு வேலை முடிகிறது. 700-ஆர்4 வகையில் நட்டுகள் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்திச் சறுக்கியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு த்ராட்டிலை முழுவதும் திறந்தால், சறுக்கி பல்பல்லாக ஏறித் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். முழுத் திறப்பில் கேபிளின் நிலை இருவகையிலும் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதே விதி.

சங்குமுகம், கோவளம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் இருமுறை வரும் பருவமழையும் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, உறைக்குள் அது திரும்பி வராமல் சிக்கும்படி ஆக்கலாம். அத்தகைய கம்பியைத் திருகி அளவு சேர்ப்பது வீண், மாற்றுவதே முறை. சரிசெய்த பின் புறவழிச்சாலையின் சமதளத்தில் கியர் மாறும் வேகங்களைக் குறித்துக்கொண்டு, நெடுமங்காடு வழியே பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சென்றால், சுமையின்கீழ் பெட்டி எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையில் எஞ்சின் சுழற்சி எகிறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால், தட்டுகள் ஏற்கெனவே கருகியிருக்கின்றன என்று பொருள். கருகிய தட்டை எந்தச் சரிசெய்தலும் மீட்காது. ஐயம் தீராத இடத்தில், பெட்டியின் சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதே முடிவான சான்று.

700-ஆர்4 பெட்டி 1993 வாக்கில் 4எல்60இ என்னும் மின்னணு வடிவம் பெற்றபோது கேபிள் நீக்கப்பட்டு, த்ராட்டிலின் திறப்பை ஓர் உணரி கணினிக்குச் சொல்ல, கணினி ஒரு மின்காந்த வால்வின் வழியே அழுத்தத்தை ஏற்றி இறக்கத் தொடங்கியது. அந்த வால்வுக்குச் செல்லும் மின்னோட்டம் நின்றுபோனால், பழைய பெட்டியில் கேபிள் அறுந்தபோது நடந்ததைப் போலவே, அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும்படி அது அமைக்கப்பட்டுள்ளது.